மேல் மாடி மாமிக்கும் மற்ற எல்லோருக்கும்

அக்காவும் பாப்பாவும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு நாலு நாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. நேரம் காலம் பார்க்காமல் வண்டி எடுத்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தவர்கள், மலை மந்திர் முருகன் கோயிலில் அர்ச்சனை செய்து விபூதிப் பொட்டலத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனவர்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஆனால் மேல் மாடி மாமியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

கடையில் இருந்த தொப்பியெல்லாம் பாப்பாவுக்குப் பெரிசு. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நானே பின்னுகிறேன் என்று ஆரம்பித்தேன், அதுவரை ஊசியைத் தொட்டதே இல்லை. ஊசியில் 64 கண்ணி, அதாவது நூல் வளையம், போட்டேன், ஆறாவது வரிசையில் எண்ணினால் 71. பின்னல் குறிப்பில் எஸ்.எஸ்.கே. என்று புரியாத மூன்று எழுத்து வேறு. ராத்திரி பத்தரைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், தொப்பிக்காக மட்டும் இல்லை. குப்பை வைக்க இறங்கிய மாமி பின்னலை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"உல்டா போட நூலை முன்னாடி கொண்டுவரயே, அது ஊசி மேல சுத்திண்டு வரது. ரெண்டு ஊசிக்கும் நடுவால வரணும்."

ஏழு கண்ணியும் எங்கிருந்து முளைத்தன என்று அப்போதுதான் புரிந்தது. மாமி பின்னக் கற்றது தில்லிக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவிடம், அதனால் அவர் வாயில் கண்ணி ஃபந்தா, ஊசி சலாயி, நேராகப் போடும் பின்னல் சீதா, அதையே திருப்பிப் போடுவது உல்டா. காலண்டர் தாளின் பின்பக்கம் எனக்காகத் தமிழில் வரிவரியாக எழுதினார். எஸ்.எஸ்.கே. என்றால், இரண்டு கண்ணியைத் தனித்தனியாக, சீதா போடுகிற மாதிரி ஊசியை நுழைத்து, பின்னாமல் வலது ஊசிக்கு மாற்று; அப்புறம் இடது ஊசியை இரண்டுக்கும் முன்பக்கமாக விட்டுச் சேர்த்துப் பின்னு; இரண்டும் ஒரே கண்ணியாகி இடப்பக்கம் சாயும். பிரித்துப் போட்டு, சரியாக 64 வந்த வரிசையில் தையலூசியால் ஒரு சிவப்பு நூலைக் கோத்துவிட்டார். "இனிமே தப்பினா இதுவரைக்கும்தான் பிரியும், பயப்படாதே."

அவரே பின்னியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். பின்னித் தருகிறேன் என்று ஊசியை என் கையிலிருந்து வாங்கவே இல்லை. அந்தக் குளிரில், முட்டி வலியோடு, பன்னிரண்டரை வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பாப்பாவுக்கு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அது மாமிக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தாளைப் பத்து நகல் எடுத்து வைத்திருக்கிறேன். இனி நம் பிளாக்கில் யார் ஊசி பிடித்தாலும் எங்கள் கதவைத் தட்டலாம், எந்நேரமானாலும் சரி.

மாமி, உங்கள் பத்தாம் நம்பர் ஊசி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாப்பாவுக்குக் காலுறை ஆரம்பித்திருக்கிறேன், குதிகால் திருப்புவது புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறங்கி வாருங்கள், பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டே சொல்லிக் கொடுங்கள்.