குளிர்கால ரயர்: இரண்டு போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் பிறந்தால் ஒன்ராறியோவில் எழும் கேள்வி, ‘எல்லாப் பருவத்துக்கும் போடுகிற ஓல் சீசன் ரயர் காணாதா?’ என்பதுதான். காணாது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் அதன் ரப்பர் இறுகி, காய்ந்த தெருவிலும் பிடிமானம் குறையும். கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். இங்கே கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் இதற்குக் கட்டணத்தில் கழிவு தரவேண்டும். பலர் கேட்பதே இல்லை.

காசை மிச்சம் பிடிக்க முன்னுக்கு மட்டும் இரண்டு போடுவது வீண் ஆபத்து. முன்சக்கரம் பிடிக்கும், பின்சக்கரம் வழுக்கும். வளைவில் பிரேக் அடித்தால் வண்டி சுழன்றுவிடும்.

பாவித்த ரயர் வாங்குவோர், பக்கவாட்டில் குளிர்கால ரயருக்கான அடையாளம், அதாவது மூன்று சிகர மலைக்குள் பனித்துகள், பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கம் 3519 என்றால், 2019இன் 35ஆம் வாரம் செய்தது. ரயரின் மேற்பரப்பில் உள்ள தவாளிப்பின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் மாற்றுவோர் சக்கரம் பொருந்தும் ஹப்பில் படிந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுக்கவேண்டும். துரு இருந்தால் றிம் ஒட்டி உட்காராது, நட்டு தளரும். நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் றெஞ்சால் இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பாருங்கள். வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை குறைந்தால் ரயரின் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ இறங்கும். சூடான கராஜுக்குள் பார்த்த அளவு வெளியில் நில்லாது.

– வாகனத் திருத்துநர் ஒருவர், ஸ்காபரோ