பயிர் போனால் நிலக் கிராண்ட் கேட்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தால் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் 1,000 வெள்ளி வாங் இஹ்சான் உதவித்தொகை பற்றிய செய்தியும் கூடவே வந்துவிடும். அதைக் குறை சொல்லவில்லை, 2021 டிசம்பர் வெள்ளத்தின்போது 500 வெள்ளியை 1,000 ஆக்கியது நல்ல காரியம்தான். ஆனால் அது வீட்டுக்கான பணம். மெத்தை வாங்கலாம், அடுப்பு வாங்கலாம். கொல்லையில் போன பயிருக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், அங்கேதான் சிக்கல்.

ஜொகூரில் லாபிஸ், சாஆ பக்கம் காய்கறி போடும் நம் ஆட்கள் பலர் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய குடும்பங்கள். லயத்தை விட்டு வரும்போது கையில் நிலம் இல்லை. ஆற்றோரத்திலும் மின்கம்பிக்குக் கீழேயும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று திருத்தி வெண்டை, பயத்தங்காய், மிளகாய் போட்டு பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கிறார்கள். ஆற்றோரம் என்பதால் முதலில் முங்குவதும் அதுதான். மிளகாய்க்கு இரண்டு நாள் வேரில் தண்ணீர் நின்றால் போதும், வெயில் வந்ததும் செடி அப்படியே வாடிவிடும். விதை, கோழி எரு, பாத்திக்கு விரித்த பிளாஸ்டிக் எல்லாம் கடையில் கடன். 2023 மார்ச்சில் ஜொகூரே மிதந்தபோது எங்களுக்கு நடந்தது இதுதான்.

பயிர் உதவிக்கு விண்ணப்பப் பாரத்தோடு போனால் முதல் கேள்வி, கிராண்ட், அதாவது நிலப் பட்டா, இருக்கிறதா? இல்லை. அரசு நிலத்தைப் பயன்படுத்தக் கொடுக்கும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அதாவது டி.ஓ.எல்.? அது சிலரிடம் இருக்கிறது. ஆனால் 1965 தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் எந்த மாதம் எடுத்தாலும் அந்த வருடக் கடைசியோடு முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழையோ நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகிறது. ஜனவரியில் வெள்ளம் வந்தால், புதுப்பிக்கக் கொடுத்த உரிமம் இன்னும் கைக்கு வராத நிலையில், போன வருடத் தாளைக் காட்டியவரைக் கவுண்டரில் திருப்பி அனுப்புகிறார்கள்! மழை என்ன டிசம்பர் 31-ஐப் பார்த்தா பெய்கிறது?

நெல் போடுகிறவர்களுக்குத் தக்காஃபுல் என்ற காப்புறுதித் திட்டத்தில் ஹெக்டருக்கு 3,000 வெள்ளி வரை கிடைக்க வழி இருக்கிறது. இருக்கட்டும், அவர்களும் கஷ்டப்படுகிறவர்கள்தான். நாங்கள் கேட்பது சின்ன விஷயம். போன வருட உரிமத்தை மார்ச் கடைசி வரை வெள்ள உதவிக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். உரிமமே இல்லாதவர்களின் கொல்லையை விவசாய அதிகாரியும் வட்டாரத் தலைவரான பெங்ஹூலுவும் நேரில் பார்த்து, பயிர் இருந்ததா இல்லையா என்று எழுதட்டும். உதவி கொடுத்தால் நாளைக்கு நிலத்துக்கே உரிமை கேட்பார்கள் என்று பயம் என்றால், இது நில உரிமை ஆகாது என்று பாரத்திலேயே அச்சடித்து எங்கள் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் மறுக்கப் போவதில்லை.

வெள்ளத்தில் அரிசி மூட்டையோடு படம் எடுத்துக்கொள்ள வரும் நம் தலைவர்களும், தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள் நில அலுவலகத்துக்கு எங்களோடு வந்தால் உபயோகமாக இருக்கும். அப்புறம், காய்கறி போடும் நண்பர்களே, நவம்பருக்கு முன்பே கொல்லையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், உரம் வாங்கிய ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். விவசாய இலாகாவில் பெயரைப் பதிய முடிகிறதா என்று இப்போதே போய்க் கேளுங்கள்.

இப்படிக்கு,
காய்கறித் தோட்டக்காரர் ஒருவர்,
லாபிஸ், ஜொகூர்