மீந்த சோற்றுக்கும் சமையல் பக்கத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியாகும் சமையல் பக்கத்தைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். பிடித்த குறிப்புகளை வெட்டி ஒட்டிய நோட்டுகள் மூன்று என் வீட்டில் இருக்கின்றன. அண்மையில் அவற்றை முதலிலிருந்து புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. எல்லாக் குறிப்புகளும் அரிசியைக் களைவதிலோ, பருப்பை ஊறவைப்பதிலோ, காயைப் புதிதாக நறுக்குவதிலோதான் தொடங்குகின்றன. ‘நேற்று மீந்த சோறு இரண்டு கப்’ என்று தொடங்கும் குறிப்பு ஒன்றுகூட என் நோட்டுகளில் இல்லை. பள்ளியில் 31 ஆண்டுகள் மனையியல் ஆசிரியையாக இருந்த நானும் செய்முறை வகுப்புகளில் மாணவியருக்குப் புதுச் சமையலை மட்டுமே கற்றுக்கொடுத்தேன் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொண்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. கல்யாண மண்டபங்களும் உணவகங்களும்தான் இதற்குப் பெரும் காரணம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து சென்றது என்கிறது அவ்வறிக்கை. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ என்பது அதன் மதிப்பீடு. தோல், கொட்டை, எலும்பு போன்றவையும் இக்கணக்கில் சேரும் என்பது உண்மைதான். எனினும் நால்வர் கொண்ட குடும்பத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 220 கிலோ, அதாவது நாள்தோறும் 600 கிராம் என்று வருகிறது. கல்யாண வீட்டு மீதியைப் பற்றிச் செய்திகள் வருகின்றன; வீட்டு அடுக்களையின் மீதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சுண்டக்கறி என்று ஒன்று உண்டு. நாஞ்சில் நாட்டில் பழங்கறி என்பார்கள். விருந்து முடிந்தபின் மீந்த சாம்பார், புளிக்குழம்பு, அவியல், கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி, அடிபிடிக்காமல் கிளறிக் கிளறி, மெல்லிய தீயில் நீர் சுண்டும் வரை காய்ச்சுவார்கள். கத்தரிக்காயும் பூசணியும் உருத்தெரியாமல் கரைந்து, முருங்கைக்காய் மட்டும் சக்கையாக நின்று, புளிப்பும் உறைப்பும் ஒன்றோடொன்று கூடி, முந்தைய நாள் இலையில் இருந்த எந்தக் கறியின் சுவையும் இல்லாத ஒரு தனிச் சுவை அதற்கு வந்துவிடும். மறுநாள் காலை பழைய சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொள்வதற்காகவே கல்யாண வீட்டில் ஒருநாள் கூடுதலாகத் தங்கிய உறவினர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மீந்தவற்றைக் கொண்டு செய்ததாயினும் அதை யாரும் மிச்சம் என்று சொன்னதில்லை. அதற்குத் தனிப் பெயர் இருந்தது, கேட்டு வாங்கி உண்போரும் இருந்தார்கள்.

இதைச் செய்யக் கல்யாண வீடு தேவையில்லை. இரண்டு கரண்டி சாம்பார், ஒரு கரண்டி புளிக்குழம்பு, ஒரு கைப்பிடி பொரியல் மீந்திருந்தாலே போதும். வாணலியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, பத்துச் சின்ன வெங்காயத்தையும் நான்கு பல் பூண்டையும் வதக்கி, மீந்தவற்றைச் சேர்த்துச் சுண்ட வைக்க வேண்டியதுதான். உப்பு மட்டும் போடவே கூடாது. நீர் வற்ற வற்ற இருக்கிற உப்பே தூக்கலாகத் தெரியும். மோர்க்குழம்பையும் தயிர்ப் பச்சடியையும் இதில் சேர்த்தால் திரிந்துவிடும்.

இவ்வளவு நல்ல பழக்கம் ஏன் மங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டி வந்தது ஒரு காரணம். முன்பெல்லாம் இரவில் மீந்ததை என்ன செய்வது என்று அன்றிரவே முடிவெடுத்தாக வேண்டும். இப்போது சிறு கிண்ணத்தில் ஊற்றி மூடி உள்ளே தள்ளிவிட்டால் முடிவைத் தள்ளிப்போட்டுவிடலாம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்தக் கிண்ணத்தைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டுகிறோம். உணவைக் காக்க வாங்கிய பெட்டி, உணவைக் கொட்டுவதற்கு முன் காத்திருக்க வைக்கும் இடமாகப் பல வீடுகளில் மாறிவிட்டது.

ஆனால் இதைவிட ஆழமான காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன், இக்கடிதத்தில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவதும் அதுதான். நம் வீடுகளில் மீந்ததை உண்பது அம்மாவின் வேலையாகவே இருந்து வந்திருக்கிறது. மற்றவர்களுக்குச் சூடாகத் தோசை வார்த்துப் போட்டுவிட்டு, அடுக்களையின் ஓரத்தில் நின்றபடி நேற்றைய சோற்றையும் காய்ந்த சப்பாத்தியையும் தின்று முடிக்கும் தாயை அறியாதவர் நம்மில் யாருமில்லை. என் தாயார் அப்படித்தான் உண்டார்; நானும் நெடுநாள் அப்படியே உண்டேன். அதைத் தியாகம் என்று பாராட்டினோமே தவிர, மீந்ததை எல்லோரும் விரும்பி உண்ணும் பண்டமாக மாற்றுவது ஒரு சமையல் திறமை என்று நாம் மதிக்கவில்லை. இன்றைய இளம்பெண்கள் அப்படி உண்ண மறுக்கிறார்கள். அவர்கள் மறுப்பது முற்றிலும் சரியே. ஆனால் அவர்கள் கையில் மாற்று வழி எதையும் நாம் கொடுக்காததால், அன்று தாயின் வயிற்றுக்குப் போனது இன்று குப்பைத் தொட்டிக்குப் போகிறது. சுண்டக்கறியை மாமனாரும் உண்டார், மாப்பிள்ளையும் உண்டார் என்பதுதான் அதன் சிறப்பு.

நம் வீடுகளில் அதிகம் மிஞ்சுவது சோறுதான் என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன். சோற்றில் நீரூற்றி வைத்துக் காலையில் மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தையோ மோர் மிளகாயையோ கடித்துக்கொள்வது எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒடிசாவில் பகாளா என்றும் வங்கத்தில் பாந்தா பாத் என்றும் இதையே கொண்டாடுகிறார்கள். பழைய சோறு பிடிக்காத பிள்ளைகள் உள்ள வீட்டில் சோற்று அடை செய்யலாம். இரண்டு கப் சோற்றைக் கையால் நன்றாக மசித்து, ஒரு கப் அரிசி மாவு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சீரகம், உப்பு சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டித் தோசைக்கல்லில் போட்டு இருபுறமும் சிவக்க விட்டால் ஐந்தாறு அடைகள் வரும். தட்டும்போது கை ஒட்டினால் சிறிது நீர் தொட்டுக்கொள்ள வேண்டும். மாவைக் கூட்டினால் அடை விறைத்துப்போகும். சித்திரை, வைகாசி வெயிலில் சோற்று வடகமும் போடலாம். முந்தின இரவு நீரூற்றிய சோற்றைப் பிழிந்து, பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், உப்புடன் அரைத்து, வெள்ளைத் துணியில் சிறு சிறு உருண்டைகளாகக் கிள்ளி வைத்து, ஒடித்தால் படக்கென்று ஒடியும் வரை இரண்டு மூன்று நாள் காயவிட்டால், அடைமழைக் காலம் வரை அது டப்பாவில் கெடாமல் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில், மொத்தமாக வடித்து வெளியிலேயே வைத்திருந்த சோற்றை மறுநாள் வறுத்துப் பரிமாறிய உணவகங்களில் உண்டவர்கள் வாந்தியால் அவதிப்பட்டார்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதற்குக் காரணம் என்று தெரியவந்தது. அதன் வித்துகள் சோறு வேகும்போதும் சாவதில்லை. வெதுவெதுப்பில் மணிக்கணக்காக வைத்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே ‘சூடு பண்ணிவிட்டால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை சோற்றைப் பொறுத்தவரை தவறு. உண்டு முடித்ததும் மீந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே பயன்படுத்திவிட வேண்டும். நீரூற்றி வைக்கும் சோற்றில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் புளிப்பை ஏற்றுகின்றன. அந்தப் புளிப்பு கெடுக்கும் கிருமிகளை ஓரளவே தடுக்கிறது. அதனால் அதையும் சோறு ஆறியவுடனே, சுத்தமான நீரில் முழுதும் மூழ்கும்படி ஊற்றி வைக்க வேண்டும். ஓர் இரவுக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. கொழகொழத்து நூல் விட்டாலோ துர்நாற்றம் வந்தாலோ தயக்கமின்றிக் கொட்டிவிட வேண்டும். தேங்காய் அரைத்த கூட்டும் சட்னியும் எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கெடும்; புளிக்குழம்பு தாங்கும். சுண்டக்கறியையும் அன்றிரவே கொதிக்கக் காய்ச்சுவதுதான் முறை.

சோற்றுக்கு அடுத்தது இட்லி. ஆறிய இட்லிதான் உப்புமாவுக்கு ஏற்றது. சூடான இட்லியை உதிர்த்தால் கையோடு ஒட்டிக் களியாகிவிடும். காலையில் மீந்ததைப் பெட்டியில் வைத்து மாலையில் உதிர்த்தால் பூப்போல வரும். கடுகு, உளுந்து, கடலைப்பருப்பு தாளித்து, வெங்காயம், காய்ந்த மிளகாய் வதக்கி, உதிர்த்த இட்லியைப் போட்டு இரண்டு கை நீர் தெளித்துப் புரட்டி இறக்கும்போது அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் மீதம் வைப்பதில்லை. புளித்துப்போன தோசை மாவு இரண்டு கப்புக்கு அரை கப் ரவையைக் கலந்து கால் மணி நேரம் ஊறவிட்டுக் குழிப்பணியாரம் ஊற்றினால் புளிப்பே தெரியாது. புளித்த மோர் இருந்தால் மோர்க்களி இருக்கிறது: ஒரு கப் அரிசி மாவுக்கு மூன்று கப் மோர், மோர் மிளகாய், தாராளமாக நல்லெண்ணெய். கையில் ஒட்டாமல் உருண்டு வரும் வரை கிளற வேண்டும். மோர் மிளகாயிலும் உப்பு இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சமைப்பதற்கு முன்பே நாம் கழிப்பவற்றையும் இதில் சேர்க்க வேண்டும். பீர்க்கங்காய்த் தோலை எண்ணெயில் வதக்கி, உளுந்து, காய்ந்த மிளகாய், புளியுடன் அரைக்கும் துவையல் காயைக் கொண்டு செய்யும் கூட்டைவிடச் சுவையானது என்பேன். கொத்தமல்லித் தண்டை ரசத்தில் போடலாம். முள்ளங்கியின் கீரையைப் பாசிப்பருப்புடன் பொரியல் செய்யலாம். தர்பூசணியின் சிவப்புக்கும் பச்சைத் தோலுக்கும் இடையிலுள்ள வெள்ளைப் பகுதி கூட்டுக்கு வெள்ளரிக்காயைப் போலவே உதவும்.

இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் சொல்கிறேன். மூன்று நாள் பெட்டியில் கிடந்து, நாம் உண்ணத் தயங்குகிற உணவை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்தனுப்பும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதைத் தானம் என்று கருதுகிறவர்களும் உண்டு. கொடுப்பதானால் சமைத்த அன்றே, நமக்கு எடுத்து வைக்கும் முன்பே கொடுக்க வேண்டும். நம் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டோம் என்று நாம் ஒதுக்கியதை இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தட்டுக்கு அனுப்ப நமக்கு உரிமையில்லை.

ஆகவே, தங்கள் சமையல் பக்கத்தில் மீந்த உணவுக்கென்று வாரம் ஒரு சிறு கட்டம் ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இதற்குச் சமையல் நிபுணர்கள் தேவைப்பட மாட்டார்கள். வாசகர்களிடம் கேட்டாலே கொங்கு நாட்டிலிருந்தும், செட்டிநாட்டிலிருந்தும், டெல்டா மாவட்டங்களிலிருந்தும் அவரவர் பாட்டி செய்தவை வந்து சேரும். எழுதி வைக்கப்படாத அவை இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்டால் கிடைக்குமா என்பது சந்தேகமே. ஒவ்வொரு குறிப்போடும் அந்த உணவை எத்தனை மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற ஒரு வரியையும் ஒரு மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டு வெளியிட்டால் நலம். ஆண்கள் அனுப்பும் குறிப்புகளையும் தயங்காமல் வெளியிடுங்கள்.

அந்தக் கட்டம் ஞாயிறு இணைப்பில் வருவதைவிடத் திங்கட்கிழமை இதழில் வருவது நல்லது. ஞாயிற்றுக்கிழமைச் சமையலின் மீதி எல்லா வீடுகளிலும் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பது அன்று காலையில்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மனையியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.