கூட்டத்துக்குப் போகும் முன் கொஞ்சம் படித்துவிடுங்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். உள்ளாட்சிக் கூட்டத்தில் இந்த முறை சாலையும் பேருந்தும் பேச்சுக்கு வருகின்றன. "ரோடு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். குறிப்பாகக் கேட்க வேண்டும்.

முதலில் தண்ணீர். தார்ச் சாலைக்குப் பெரிய எதிரி அதுதான். விரிசல் வழியே இறங்கி அடியில் உள்ள ஜல்லி அடுக்கை இளக்கிவிடுகிறது. வண்டிகள் ஏற ஏற அந்த இடம் உள்வாங்கிக் குழியாகிறது. வடிகாலைச் சரிசெய்யாமல் மேலே மட்டும் தார் போட்டால் அடுத்த மழையில் பழைய கதைதான். அப்புறம், புதுச் சாலை போட்ட கையோடு குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டுகிறார்களே, அது! மற்ற துறைகளின் தோண்டும் திட்டத்தைச் சாலை போடும் முன்பே கேட்டு வாங்குகிறார்களா? தோண்டிய பள்ளத்தில் மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டித்து மூடுகிறார்களா, அல்லது அள்ளிக் கொட்டிவிட்டுப் போகிறார்களா?

கனரக வண்டிகளையும் விட்டுவிடாதீர்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து வந்த கணக்குப்படி, ஓர் அச்சின் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டின்) மீதான எடை இரட்டிப்பானால் சாலைக்குச் சேதம் சுமார் 16 மடங்கு.

மேம்பாலம் கேட்க நினைப்பவர்கள் ஒன்றை யோசியுங்கள்: நெரிசலான நகரில் இடம் கூடினால் வண்டியும் கூடிவிடுகிறது. லண்டன் 2003இல் மையப் பகுதிக்குள் வரும் வாகனங்களுக்குக் கட்டணம் வைத்தது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், பேருந்துக்குத் தனித்தடம் கேட்கலாம். மேம்பாலத்தைவிடச் செலவு மிகக் குறைவு.

குழிகளின் படத்தை இடம், தேதியோடு இந்தக் குழுவிலேயே போடுங்கள். காலை வணக்கப் படங்கள் இரண்டு நாளைக்கு வேண்டாம், தேட முடியவில்லை.