ஆறு பாட்டில் ஒயின் பெட்டியும் இடம் மாறிய சாப்பாட்டு அட்டைகளும்: புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தையாவது கடைசி வரை படித்துவிட்டுப் பதில் போடுங்கள். இதற்கு முன் நான் அனுப்பியதற்கெல்லாம் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே வரிதான் வந்தது. நான் கருத்து சொல்லவில்லை, புகார் சொன்னேன். அப்புறம் ஒரு நாள் அந்த டிக்கெட்டையே "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டீர்கள். யாருக்குத் தீர்ந்தது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

நான் வாங்கியது உங்கள் ஆறு ஒயின்களும் ஒன்றாக வரும் பெட்டி. இனிப்பு குறைந்த நுரைக்கும் புரூட், வெள்ளை ஒயின்களான சாவின்யான் பிளாங்க், லேசான இனிப்புள்ள ரீஸ்லிங், சிவப்பு ஒயின்களான பினோ நுவார், கேபர்நே சாவின்யான், கடைசியாகத் தாமதமாகப் பறித்த திராட்சையில் செய்த இனிப்பு ஒயின். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் எதோடு குடிக்க வேண்டும் என்று சொல்லும் அட்டை ஒன்று தொங்கும். தனித்தனியாக வாங்குவதைவிட இந்தப் பெட்டிக்கு விலை கூடுதல், அந்த அட்டைகளுக்காகத்தான் கூடுதல். சாப்பாட்டுப் பொருத்தம் என்பதே கதை, பிடித்ததைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். ஆனால் அதைச் சொல்லித்தானே நீங்கள் என்னிடம் காசு வாங்கினீர்கள்?

என் கணவரின் மேலதிகாரி குடும்பத்தோடு சாப்பிட வந்தார். உங்கள் அட்டைகளை வரிசையாக வைத்து, அதில் இருந்ததைப் பார்த்துத்தான் என்ன சமைப்பது என்றே முடிவு செய்தேன். முதலில் சாவின்யான் பிளாங்க்கோடு உப்பு போட்ட வறுவல், அடுத்து ரீஸ்லிங்கோடு ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட். இரண்டும் நன்றாகவே போயின. அதனால் சந்தேகமே வரவில்லை.

அடுத்தது பினோ நுவார், மிளகாய்க் காரம் தூக்கலான கோழிக் குழம்புக்கு. கிளாஸை மூக்கருகே கொண்டு போனதுமே நனைந்து மட்கிய அட்டைப்பெட்டி வாடை. பழ மணம் என்பதே இல்லை. இதற்குக் காரணம் ட்ரைக்ளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்க்கில் பூஞ்சையும் குளோரின் சேர்ந்த பொருள்களும் கூடும்போது உண்டாவது, 1981லேயே சுவிட்சர்லாந்தில் ஹான்ஸ் டானர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். லிட்டருக்கு சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும், காற்றோட்டமாக வைத்தாலும் போகாது. கார்க் வைக்கிற எந்த ஆலைக்கும் இது எப்போதாவது நடக்கும், அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. பாட்டிலை மாற்றிக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

சரி, அது போனால் போகட்டும் என்று கேபர்நேவைத் திறந்தேன். காரக் குழம்பு வாயில் இருக்கும்போது ஆல்கஹால் அதிகமுள்ள ஒயினைக் குடித்தால் எரிச்சல் இன்னும் ஏறும். லேபிளில் 14.5 சதவீதம் என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். மேலதிகாரியின் மனைவி தண்ணீர் கேட்டார், அப்புறம் மறுபடியும் கேட்டார், கண்ணில் நீர் வந்துவிட்டது. அதோடு விட்டதா? அந்தக் கேபர்நேயின் அட்டையில் போட்டிருந்தது காளானும் சுட்ட சால்மன் மீனும். மீனைத் தின்றுவிட்டு அதைக் குடித்தவர்கள் எல்லாருக்கும் வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ஒரு வாடை. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் சிவப்பு ஒயினில் இறங்கும் துவர்ப்புக்கும் மீனுக்கும் ஆகாது என்பது ஒயின் குடிக்கிறவர்கள் காலங்காலமாகச் சொல்வது. சிவப்பு ஒயினோடு கடல் உணவு சாப்பிட்டால் வரும் அந்த மீன் வாடைக்கு ஒயினில் இருக்கும் இரும்பும் காரணம் என்று 2009இல் ஜப்பானில் ஆய்வே வந்திருக்கிறது. ஒயின் ஆலை நடத்துகிற உங்களுக்கு இது தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

இந்த இடத்தில்தான் உங்கள் போன் மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும், வரிசை தவறினாலும் பரவாயில்லை. இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி முடித்தேன். அவர் கேட்டது இது: "மேடம், உங்களுக்கு ஒயின் புதுசா? முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் துவர்க்கும், பழகிடும்." துவர்க்கிறது என்று நான் புகார் சொல்லவே இல்லை ஐயா. கேபர்நே துவர்க்காவிட்டால்தான் புகார். அந்தத் துவர்ப்பைக் கொழுப்புள்ள இறைச்சிக்குப் பக்கத்தில் வைக்காமல் மீனுக்குப் பக்கத்தில் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். போனில் சிரிப்பு கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ. அழைப்பு பதிவு செய்யப்படும் என்று ஒவ்வொரு முறையும் உங்கள் இயந்திரம் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து உங்கள் மேலாளர் ஒருவர் உட்கார்ந்து கேட்கட்டும்.

மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். இனிப்பு ஒயினுக்கு உங்கள் அட்டை சொன்னது சுட்ட மாட்டிறைச்சி. தேனை ஊற்றித் தின்ற மாதிரி இருந்தது. மேலதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார், அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. கடைசியில் புரூட்டோடு சாக்லேட் கேக். ஒயின் இனிப்புப் பண்டத்தைவிட இனிப்பாக, குறைந்தது அதே அளவு இனிப்பாக இருக்க வேண்டும் என்பது பொருத்தம் பார்க்கிறவர்களின் முதல் பாடம். புரூட் என்றால் ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. கேக்குக்குப் பிறகு அது எலுமிச்சைச் சாறு மாதிரிப் புளித்தது. இனிப்பு வேண்டும் என்றால் நுரைக்கும் ஒயினிலேயே டெமி செக் என்ற இனிப்பு வகை இருக்கிறது, 32 முதல் 50 கிராம் வரை. உங்கள் பெட்டியிலேயே ஆறாவதாக ஓர் இனிப்பு ஒயின் இருக்கும்போது அதை இறைச்சிக்குக் கொடுத்துவிட்டு கேக்குக்குப் புரூட்டா?

இப்போது கேளுங்கள், இதை உங்களிடம் எத்தனையோ முறை சொல்லியும் ஒருவர்கூட அட்டைகளை எடுத்துப் பார்க்கவில்லை. எல்லா அட்டைகளையும் ஒரு பாட்டில் பின்னால் தள்ளிப் பாருங்கள். வறுவல் புரூட்டுக்குப் போகும், ஆட்டுப்பால் சீஸ் சாவின்யான் பிளாங்க்குக்கு, காரக் குழம்பு ரீஸ்லிங்குக்கு, காளானும் சால்மனும் பினோ நுவாருக்கு, மாட்டிறைச்சி கேபர்நேவுக்கு, கேக் இனிப்பு ஒயினுக்கு. எல்லாம் அச்சாகப் பொருந்துகிறது! உங்கள் பொருத்தத்தில் தப்பே இல்லை, மாட்டியவர் ஒன்று தள்ளி மாட்டிவிட்டார். இதைக் கண்டுபிடித்தது நான், உங்கள் ஆலையில் சம்பளம் வாங்கும் ஒருவரும் இல்லை. என் பெட்டியில் மட்டும் இப்படியா, அந்த வாரம் கிளம்பிய எல்லாப் பெட்டியிலுமா என்று ஒருவருக்காவது பார்க்கத் தோன்றியதா?

ஆலைக்கு வந்த கதை இன்னும் மோசம். கெட்டுப்போன பினோ நுவாரை நேரில் கொண்டு வந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று சொன்னது நீங்கள்தான். ஒரு நாள் விடுப்பு போட்டு, கார்க்கைத் திரும்ப அழுத்தி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, வழியெல்லாம் பாட்டிலை முழங்காலுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். ருசி பார்க்கும் கூடத்தில் இருந்தவர் முகர்ந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார். "ஆமாம், கார்க்தான் போயிருக்கு" என்றார். அப்பாடா என்று இருந்தது. பையிலிருந்து ரசீதை எடுக்கிறேன், அதற்குள் அவர் பாட்டிலைச் சிங்க்கில் கவிழ்த்து, குழாயைத் திறந்து அலசி, காலி பாட்டில்கள் இருந்த கூடையில் போட்டுவிட்டார். ஆன்லைனில் வாங்கியதற்கு இங்கே பணம் தர முடியாதாம், போனில் பேசிக்கொள்ள வேண்டுமாம்.

போன் செய்தேன். எடுத்தவர் அதே மனிதர். "பாட்டிலும் உள்ளே மிச்சமும் இருந்தால்தான் மேடம் பரிசீலிக்க முடியும்" என்கிறார்! உங்கள் ஆளே கொட்டினார் என்றேன். அதற்கு எழுத்து மூலமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சிங்க்கிடமிருந்து கடிதம் வாங்கி வர வேண்டுமா?

இதனால் எனக்கு ஆன நஷ்டம் வெறும் பெட்டி விலை இல்லை. சமைத்ததெல்லாம் வீண், ஒரு நாள் விடுப்பு வீண், போக்குவரத்துச் செலவு வீண். அன்றிலிருந்து அந்த மேலதிகாரி என் கணவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த வருடப் பதவி உயர்வு நின்றுபோனால் அதற்கு உங்கள் கழுத்து அட்டைதான் காரணம் என்று நான் எழுதியே தருவேன். எங்கள் வீட்டுக்கு இனி யாரும் சாப்பிட வருவார்கள் என்ற நம்பிக்கையே போய்விட்டது.

உங்கள் ஒயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையில் அந்த ரீஸ்லிங் அருமை. அதனால்தான் இன்னும் மரியாதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அடுத்த வாரத்துக்குள் சரியான பதில் வரவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அட்டைகளின் படம், லேபிள்களின் படம், உங்கள் ஒரு வரிப் பதில்கள் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். பெட்டி விற்கிற தளத்தில் ஒவ்வொரு ஒயினுக்கும் கீழே தனித்தனியாக விமர்சனமும் போடுவேன், படங்களோடு. அந்த நிலைக்குக் கொண்டு போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டியின் முழு விலையும் என் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதம் தள்ளுபடி என்று அனுப்பிய அந்தக் கூப்பன் எனக்கு வேண்டாம், அதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அட்டைகள் இடம் மாறியதை எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும், அதே பெட்டியை வாங்கிய மற்றவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். போனில் சிரித்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆர்டர் எண்ணும் படங்களும் இணைப்பில் உள்ளன. போனில் பேசுவதானால் மாலையில் கூப்பிடுங்கள், அந்த மனிதர் வேண்டாம், வேறு யாராவது.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளராக இருப்பவர்