என் பேத்தி எந்தக் கணக்கில் வருவாள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிறவிக் குறைபாடுகள் பற்றிய உங்கள் கட்டுரை, பியர் ராபின் குறைபாட்டை (பிறக்கும்போதே கீழ்த்தாடை சிறுத்து, நாக்கு பின்னால் சரிவது) 'மிக அரிது' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. என் பேத்திக்கு அதுதான். குமரி மாவட்டத்தில் அது எவ்வளவு அரிது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிறந்தபோது பிள்ளைக்கு முகவாயே இல்லாதது போலிருந்தது. மல்லாத்திப் போட்டால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். குறட்டை மாதிரி ஒரு சத்தம். நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கும். அண்ணத்திலும் பிளவு, குடித்த பால் மூக்கு வழியே வரும். டாக்டர் சொன்னபடி, காலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டிக் குப்புறப் படுக்க வைத்தே இரண்டு மாதம் ஓட்டினோம். கிரகணத்தன்று வெளியே போனாயா என்று மருமகளைக் கேட்காத ஆளில்லை. கருவில் மூன்றாம் மாதத்துக்குள் கீழ்த்தாடை சரியாக வளராவிட்டால் நாக்கு இறங்க இடமிருக்காது, அண்ணமும் சேராது. இதில் சந்திரன் எங்கே வந்தது?

சரி, கணக்குக்கு வருகிறேன். லிவர்பூலில் 8,500 பிறப்புக்கு ஒன்று, டென்மார்க்கில் 14,000-க்கு ஒன்று என்று கண்டிருக்கிறார்கள். 2011-இல் நம் மாவட்ட மக்கள்தொகை 18.7 லட்சம். வருஷத்துக்கு 20,000 பிரசவம் என்று வைத்துக்கொண்டால், அந்த விகிதத்தில் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். பத்து வருஷத்தில் பதினைந்து இருபது பேராவது இருக்க வேண்டும். நான் இதுவரை ஒருவரையும் பார்த்ததில்லை.

காரணம் என் பீரோவிலேயே இருக்கிறது. பேத்தியின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'அண்ணப்பிளவு' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். தாடை பற்றி ஒரு சொல் இல்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலிலும் உதட்டுப் பிளவு, அண்ணப்பிளவு உண்டு. பியர் ராபின் தனியாக இல்லை. பிளவில்லாமல் தாடை மட்டும் சிறுத்த பிள்ளை 'மூச்சுத் திணறல்' ஆகிவிடும். அப்புறம், களியக்காவிளை எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களை எந்த மாநிலம் எண்ணும்?

எண்ணிக்கைக்காக மட்டும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஸ்டிக்லர் என்ற மரபணுக் கோளாறும் இருக்கும். அதில் விழித்திரை பிரிந்து பார்வையே போகலாம். பெயர் சரியாக எழுதினால்தான் கண்ணைப் பார்க்கத் தோன்றும். எங்களுக்கு அதைச் சொன்னது வேறொரு டாக்டர், அதுவும் இரண்டு வயதில். இப்போது நாலு வயது. தடித்த கண்ணாடியோடு பால்வாடி போகிறாள். சீட்டில் இன்னும் அண்ணப்பிளவுதான்.

ஒரு தாத்தா,
தக்கலை