சரத்தை எண்ணாக்கும் பாடம் பாதியிலேயே நிற்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சி மொழியைத் தொடக்க நிலையில் சொல்லித்தரும் பாடநூல்களும் கட்டுரைகளும், எழுத்துச் சரத்தை (வரிசையாக அமைந்த எழுத்துகளை) முழு எண்ணாக மாற்றும் இடம் வந்ததும் 'ஏ-டு-ஐ' (atoi) என்ற செயற்கூற்றைக் காட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகின்றன. ஒரே வரியில் வேலை முடிவது உண்மைதான். ஆனால் பயனர் தட்டச்சு செய்வதையும் கோப்பிலிருந்து படிப்பதையும் அந்தச் செயற்கூற்றை நம்பி ஒப்படைக்கக் கூடாது. இது கற்பிக்கும் முறையிலேயே திருத்தப்பட வேண்டிய குறை. தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியைப் படிக்கும் மாணவர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

ஏ-டு-ஐ செயற்கூற்றுக்கு "0" என்ற சரத்தைக் கொடுத்தால் 0 வரும். வெற்றுச் சரத்தைக் கொடுத்தாலும் 0, "அஆஇ" என்று கொடுத்தாலும் 0. பயனர் உண்மையிலேயே பூஜ்யத்தைத்தான் உள்ளிட்டாரா, எண்ணே இல்லாத எதையோ உள்ளிட்டாரா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. "12அ" என்று கொடுத்தால் 12 என்று சொல்லிவிட்டு மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இவற்றைவிட மோசமானது, இன்ட் (int) என்ற முழு எண் வகைக்குள் அடங்காத எண். 32 பிட் இன்ட் தாங்கும் அதிகபட்சம் 2147483647. "2147483648" என்று கொடுத்தால் என்ன கிடைக்க வேண்டும் என்று சி மொழித் தரம் எதையும் வரையறுக்கவில்லை. ஓரிடத்தில் எதிர்ம எண் வரும், வேறோர் இடத்தில் 2147483647 வரும். எது வந்தாலும் கேட்பதற்கில்லை.

மாற்றம் உள்ளே எப்படி நடக்கிறது என்று மாணவர் ஒருமுறையாவது தானே எழுதிப் பார்ப்பது நல்லது. '0' முதல் '9' வரையான எழுத்துகளின் மதிப்புகள் அடுத்தடுத்து வரும் என்பதைச் சி தரமே உறுதி செய்கிறது. ஆஸ்கி என்ற எழுத்துக் குறியேற்றத்தில் அவை 48 முதல் 57 வரை. ஆகவே, எழுத்தின் மதிப்பிலிருந்து '0' எழுத்தின் மதிப்பைக் கழித்தால் இலக்கம் கிடைக்கும். 48 என்று எண்ணாக எழுதாமல் '0' என்றே எழுதுவது நல்ல பழக்கம். பிறகு, இதுவரை சேர்ந்ததைப் பத்தால் பெருக்கி, புதிய இலக்கத்தைக் கூட்ட வேண்டும். "472" என்றால் முதலில் 4, அடுத்து 47, அடுத்து 472.

பெரும்பாலான பாடங்கள் இங்கே நின்றுவிடுகின்றன. வரம்பு மீறலைச் சோதிக்கச் சொல்பவர்களும்கூட, பெருக்கிக் கூட்டிய பிறகு விடை எதிர்மமாகிவிட்டதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். இது தவறு. குறியுள்ள முழு எண் வரம்பு மீறினால் நடத்தை வரையறுக்கப்படவில்லை என்பதால், அப்படி நடக்கவே நடக்காது என்று கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) எடுத்துக்கொள்ளலாம். நிரலை வேகமாக்கும் உகப்பாக்கத்தை இயக்கினால் அந்தச் சோதனை வரியையே அது நீக்கிவிடக்கூடும். சோதனை பெருக்கலுக்கு முன்பே நடக்க வேண்டும். அதிகபட்ச மதிப்பிலிருந்து புதிய இலக்கத்தைக் கழித்துப் பத்தால் வகுத்தால் வரும் ஈவைவிட, இதுவரை சேர்ந்த எண் பெரிதாக இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். 214748364 சேர்ந்திருக்கும்போது 7 வந்தால் ஈவு 214748364, கடந்துவிடலாம். 8 வந்தால் ஈவு 214748363, நிறுத்த வேண்டியதுதான்.

எதிர்ம எண்களில் இன்னொரு சிக்கல் உண்டு. -2147483648 செல்லுபடியாகும் இன்ட். ஆனால் அதன் நேர்மப் பகுதி இன்ட்டுக்குள் அடங்காது. எனவே நேர்மமாகச் சேர்த்துவிட்டுக் கடைசியில் குறியை மாற்றும் முறை இந்த ஒரே ஓர் எண்ணில் தோற்றுவிடும். கழித்தல் குறி இருந்தால் பத்தால் பெருக்கி இலக்கத்தைக் கழித்துக்கொண்டே போவதுதான் சரியான வழி.

'இஸ்-டிஜிட்' (isdigit) செயற்கூற்றைக் கொண்டு இலக்கமா என்று சோதிப்பவர்கள், எழுத்தை முதலில் அன்சைன்ட் கேர் (unsigned char) என்ற குறியில்லாத வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் 127ஐ விடப் பெரிய பைட்டுகளால் ஆனது. கேர் வகை குறியுள்ளதாக இருக்கும் கணினிகளில் அந்தப் பைட்டுகள் எதிர்ம மதிப்பாகப் போய்ச் சேரும். அப்படிப்பட்ட மதிப்புக்கு அந்தச் செயற்கூறு சரியான விடை தரும் என்று உத்தரவாதம் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த நிரலில் இந்தப் பிழை வெளியே தெரியாது.

உண்மையான நிரலுக்கு 'ஸ்டர்-டு-எல்' (strtol) செயற்கூறுதான் ஏற்றது. இதுவும் ஏ-டு-ஐ இருக்கும் அதே தலைப்புக் கோப்பில்தான் இருக்கிறது. சரம், மாற்றம் எங்கே நின்றது என்று குறித்துவைக்கும் பாயிண்டரின் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியின்) முகவரி, எண்ணின் அடிமானம் (வழக்கமான பதின்ம எண்ணுக்கு 10) என்று மூன்றை அது கேட்கும். அழைப்பதற்கு முன், பிழை எண்ணைக் குறித்துவைக்கும் எர்னோ (errno) மாறியில் 0 வைக்க வேண்டும். நூலகச் செயற்கூறுகள் எதுவும் அதைத் தாமாகப் பூஜ்யமாக்குவதில்லை. முன்பு எங்கோ நடந்த பிழையின் மிச்சம் அதில் இருந்தால், சரியான எண்ணையும் தவறு என்று ஒதுக்கிவிடுவோம்.

அழைத்த பிறகு, குறித்த பாயிண்டர் சரத்தின் தொடக்கத்திலேயே நின்றால் எண்ணே இல்லை என்று பொருள். அது நின்ற இடத்தில் சரத்தின் முடிவுக் குறியைத் தவிர வேறு ஏதாவது இருந்தால், எண்ணுக்குப் பின் குப்பை ஒட்டியிருக்கிறது. எஃப்-கெட்ஸ் (fgets) செயற்கூறு மூலம் படித்த வரியின் கடைசியில் புதிய வரிக் குறி இருப்பது வழக்கம். அதை முன்பே நீக்கிவிட வேண்டும், இல்லையேல் சரியான உள்ளீடும் இங்கே அடிபடும். எர்னோவில் ஈ-ரேஞ்ச் (ERANGE) என்ற வரம்பு மீறல் பிழை எண் இருந்தால், கொடுத்த எண் ஸ்டர்-டு-எல் திருப்பித்தரும் லாங் (long) என்ற முழு எண் வகையின் வரம்பைத் தாண்டிவிட்டது. இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு சோதனை மீதம் இருக்கிறது. 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட், விண்டோஸில் 32 பிட். லினக்ஸில் 3000000000 எந்தப் பிழையும் இல்லாமல் வந்துவிடும், அதை இன்ட்டில் போடும்போதுதான் மதிப்பு கெடும். எனவே இன்ட்டின் இரு எல்லைகளோடும் ஒப்பிட்ட பிறகே அதை இன்ட் மாறியில் வைக்க வேண்டும்.

அடிமானத்தை 10 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். 0 கொடுத்தால் முன்னொட்டைப் பார்த்து அதுவே தீர்மானிக்கும். அப்போது "010" எட்டாகிவிடும், "08" வெறும் பூஜ்யத்தோடு நின்றுவிடும். குறியில்லாத எண்ணுக்கான 'ஸ்டர்-டு-யுஎல்' (strtoul) கழித்தல் குறியையும் ஏற்றுக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. "-1" கொடுத்தால் 64 பிட் லாங் உள்ள கணினியில் 18446744073709551615 வரும், எர்னோவில் ஒன்றும் இருக்காது. எதிர்மம் வேண்டாம் என்றால் குறியை நாமே முன்கூட்டிப் பார்த்துவிட வேண்டும்.

உள்ளீட்டிலிருந்து நேராக எண்ணைப் படிக்கும் ஸ்கேன்-எஃப் (scanf) இதற்கு மாற்றாகாது. வரம்பு மீறினால் அதிலும் நடத்தை வரையறுக்கப்படவில்லை. போதாக்குறைக்கு, எண் அல்லாத எழுத்து வந்தால் அதை உள்ளீட்டிலேயே விட்டுவைக்கும். திரும்பப் பெற்ற மதிப்பைப் பார்க்காத மடக்கு (லூப்) அதே எழுத்தில் முட்டி முட்டி முடிவின்றிச் சுற்றும்.

இந்தத் தலைப்பில் தாங்கள் அடுத்து எதை வெளியிட்டாலும், நிரலோடு சோதனை உள்ளீடுகளையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். வெற்றுச் சரம், இடைவெளி மட்டும், "+", "+-5", "12அ", "2147483648", "-2147483649", இருபத்தைந்து இலக்க எண் ஆகிய எட்டும் நிராகரிக்கப்பட வேண்டும். "0", "-0", "007", "+15", "2147483647", "-2147483648" ஆகிய ஆறும் ஏற்கப்பட வேண்டும். "  42" போல முன்னால் இடைவெளி இருந்தால் ஸ்டர்-டு-எல் அதைத் தாண்டிவிட்டுப் படிக்கும். "42  " போலப் பின்னால் இருந்தால் மேலே சொன்ன குப்பைச் சோதனை அதைத் தடுத்துவிடும். பின்னால் வரும் இடைவெளியை ஏற்பதா வேண்டாமா என்று நிரல் எழுதுபவரே முடிவு செய்து, அந்த முடிவைக் குறிப்பு வரியாக நிரலில் எழுதிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
சி நிரலாக்கம் கற்பிக்கும் வாசகர்